நிலாவைப் பெற்றவள்

காற்றுக் குழாயடியில் அன்றும் சண்டை. ஒருத்தி தன் காலிக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் பின்னால் நின்றவள் அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள். நிலாவில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு எடைதான் என்பதால் குடங்கள் சாவகாசமாக எழும்பி, சாவகாசமாக இறங்கி, எதிர்ச் சுவரில் போய் மோதின. வசவுகளுக்கு மட்டும் எடை குறையவே இல்லை.

குடம் என்பது வாய்ப்பழக்கத்தில் நின்றுவிட்ட பெயர். உண்மையில் அது முதுகில் மாட்டிக்கொள்ளும் உலோக உருளை. அதில் அவர்கள் பிடித்துக்கொண்டு போவது மூச்சு. நிலாவின் கல்லில் ஏறத்தாழப் பாதி ஆக்சிஜன் என்னும் உயிர்வளிதான், கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கும். மலையை வெட்டித் தூளாக்கி உருக்குலையில் இட்டுக் காய்ச்சினால் பிரிந்து வரும். வந்ததைக் குழாயில் விடுவார்கள். கரையூரில் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் பள்ளிக்கூடம் சேர்வதற்குள் ஒரு பாறையையாவது மூச்சாக இழுத்து முடித்திருக்கும். அவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை.

ஊர் இருந்தது மழைக் கடலின் கிழக்குக் கரையில். பூமியிலிருந்து பார்ப்பவர்கள் முயல் என்று பிள்ளைகளுக்குக் காட்டும் கறைகளில் அதுவும் ஒன்று. கடல் என்ற பெயரைத் தவிர அங்கே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எந்தக் காலத்திலோ உள்ளிருந்து எரிகுழம்பு பொங்கி வந்து உறைந்த கரும்பரப்பு அது. குழம்பு ஓடி வடிந்த நீண்ட குகை ஒன்று அடியில் இருந்தது. அதற்குள்தான் தெருக்கள், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம். முதலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் தாமிரபரணிக் கரைக்காரர்கள். தண்ணீருக்குக் குடம் தூக்கிப் பழகிய கைகள், இங்கே வந்து காற்றுக்குத் தூக்கின.

காந்திமதி வெளியிலிருந்து வந்து தூசிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நிலாத் தூசி சாமானியமாக உதிராது. மின்துடைப்பானை மேலிருந்து கீழாக இரண்டு தடவை ஓட்டியும் உடுப்பின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றினால் வெடித்த பட்டாசின் வாசனை. அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும். அன்றைக்கு அதை முழுதாக முகர்ந்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது: இரண்டு வார இரவு கழிந்து அடுத்த பகல் பிறந்ததும் குவாரி கிழக்கு மேட்டுக்கு மாறும்.

கிழக்கு மேட்டில்தான் அவள் கல் இருந்தது.

காந்திமதி கல்லாய்வாளர். நிலா எப்படி உண்டானது என்று கண்டுபிடிக்கத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். வந்த சில வருடங்களிலேயே பூமியில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் வற்றிவிட்டது. இப்போது அவளுடைய வேலை, குவாரிக் கல்லில் எவ்வளவு மூச்சு தேறும் என்று பார்த்துச் சொல்வது. அதைக் குறைவில்லாமல் செய்தாள். மிச்ச நேரத்தில் தன் பழைய கேள்வியோடு மலையேறினாள்.

கேள்வி இதுதான். நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி இளசாக இருந்தபோது, செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் வந்து அதன்மேல் மோதியது. தேயா என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மோதிய வேகத்தில் தேயா சிதறிப் போனாள். பூமியும் பாதி உருகியது. தெறித்த குழம்பெல்லாம் பூமியைச் சுற்றி வந்து, ஒன்றுசேர்ந்து, நிலாவாகத் திரண்டது. குழம்புக் கடலில் லேசான வெள்ளைக் கல் மேலே மிதந்து மலைகளானது. எல்லாப் பள்ளிப் புத்தகங்களிலும் இது இருக்கிறது. ஆனால் நிலாவில் எடுத்த கல்லையெல்லாம் சோதித்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் உயிர்வளியின் வகை அச்சு அசலாகப் பூமியினுடையதாகவே இருந்தது. அப்படியானால் தேயா எங்கே போனாள்? வந்தாளா இல்லையா? அவள் உடம்பில் ஒரு துணுக்காவது கிடைக்காதா?

கிடைத்தது என்று காந்திமதி நம்பினாள். மழைக் கடலின் பள்ளத்தை உண்டாக்கிய பழைய விண்கல் மோதல் ஆழத்தில் கிடந்த கல்லையெல்லாம் வாரி எடுத்துக் கரையில் மலையாகக் குவித்திருந்தது. அந்தக் குவியலில், கிழக்கு மேட்டில், ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு வெண்பாறையின் முகத்தில் விரல் கனத்துக்குப் பச்சைத் தோல் ஒன்று படர்ந்திருந்தது. கையிலிருந்த சின்ன அளவுமானியை வைத்துப் பார்த்தாள். உயிர்வளி வேறு வகை என்று காட்டியது. மறுபடி வைத்தாள், மறுபடியும் அதையே காட்டியது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கவசத்துக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க வழியில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சின்ன அளவுமானியை யாரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். பூமியிலிருந்து, அணுவையே எடைபோட்டு வகை சொல்லும் நுண்ணெடைமானி வந்துகொண்டிருந்தது. அதற்காக அவள் எழுதாத ஆள் இல்லை, கெஞ்சாத ஆள் இல்லை. கல்லைப் பெயர்த்து எடுத்து வைக்கவும் முடியாது. பச்சைத் துணுக்கை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால், பின்னாளில் வந்து விழுந்த ஏதோ விண்கல் என்று கையை விரித்துவிடுவார்கள். பச்சையும் வெள்ளையும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய அந்தக் கோடு, அந்த ஒட்டு, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நிலா உருகிக் கிடந்த காலத்திலேயே இவள் உள்ளே இருந்தாள் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் ஊர் நலக் குழுவின் அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் இசக்கியப்பன்தான் குவாரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, நல்ல மனசு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் பந்தியில் பரிமாற நிற்பவர்.

"அண்ணாச்சி, கிழக்கு மேட்டை விட்டுருங்க. கொஞ்சம் மேற்கால தள்ளி வெட்டுங்க."

"உக்காருங்க மேடம். தூசியும் தும்புமா வந்து நிக்கீய. மொதல்ல தண்ணி குடிங்க."

அவள் குடித்தாள். பிறகு தேயாவைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை கொட்டாவியை விழுங்கினார்.

"மேற்கால போவணும்னா தண்டவாளத்த மொத்தமாப் பேக்கணும். அதுவரைக்கும் குழாய்ல பாதிதான் வரும். பொம்பளைய என்னைய உரிச்சிருவாவ. மூச்சு பெருசா, கல்லு பெருசா, நீங்களே சொல்லுங்க."

"மூச்சுக்கு இந்த நிலா பூராவும் கல்லு கெடக்கு. இது ஒண்ணே ஒண்ணுதான்."

"எனக்கு வெளங்குது. ஆனா நா மட்டும் முடிவு பண்ணுத காரியமா இது? ஊர்ல கேளுங்க. ஊரு சரின்னா எனக்கும் சரி."

அவர் மழுப்பவில்லை, நிஜமாகவே சொன்னார். அதனால் மறுநாள் காந்திமதி குழாயடிக்குப் போய் நின்றாள். உயிர்வளி வகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எளிமையாகத்தான் சொன்னாள். ஆனால் குழாயில் காற்று குறையும் என்ற சொல் வந்ததும் வரிசையில் பாதி முகங்கள் திரும்பிக்கொண்டன. ஒருத்தி குடத்தை மாற்றி வைத்தாள். இன்னொருத்தி, "இதுக்குத்தான் படிக்க வைக்கக் கூடாதுங்கது" என்று காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

வரிசையின் முதல் ஆள் செண்பகவல்லி. எப்போதும் அவள்தான் முதல் ஆள். குழாயடியில் யார் முன்னே, யார் பின்னே என்பதை அவள்தான் தீர்த்து வைப்பாள். குழுத் தலைவர் பேச்சுக்கு அப்பீல் உண்டு, இவள் பேச்சுக்குக் கிடையாது.

"ஏ மதி, சுத்தி வளைக்காத. அந்தக் கல்லு யாரு? அத மட்டும் சொல்லு" என்றாள்.

காந்திமதிக்குச் சலித்துப் போயிருந்தது. தொண்டையும் வறண்டிருந்தது.

"அக்கா, அது நிலாவுக்கு அம்மா. இந்த நிலாவைப் பெத்தவ. பெத்த அன்னைக்கே செத்துப்போனா. அவ உடம்புல மிச்சம் இருக்கது அந்தக் கல்லு மட்டுந்தான்."

குழாயடி அடங்கிவிட்டது. காற்று நிரம்பும் சீறல் மட்டும் கேட்டது. குடத்தை மாற்றி வைத்தவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை பெற்றுவிட்டுச் செத்தவளைத் தாமிரபரணிப் பக்கம் எவரும் சும்மா விட்டுவிட மாட்டார்கள். அவளுக்கு ஒரு கல் நட்டு, ஒரு சேலை சாத்தி, பயத்தோடும் பாசத்தோடும் வைத்துக்கொள்வார்கள். நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டால் மட்டும் அது மறந்துபோகுமா?

"பாவி, இதச் சொல்லுததுக்கா இம்புட்டு நேரம்?" என்றாள் செண்பகவல்லி. அவள் கண் கலங்கியிருந்தது. "பெத்தவள வெட்டித் தூளாக்கி அவ மூச்சையே குடிக்கவா? இந்த ஊருக்கு வெளங்குமா அது?"

அந்த இடத்தில் காந்திமதி இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல் முழுதும் அவள் இல்லை, அந்தப் பச்சைத் தோல் மட்டும்தான் அவள், அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். இதற்கு மேல் விளக்கப்போனால் மறுபடி முகம் திரும்பிவிடுமோ என்று பயந்தாள். அவர்களுக்கு இவ்வளவு போதும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. அன்று மாலையே கல்லுக்குப் பெயர் வந்துவிட்டது. தேயாயி. குழுக் கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து மேற்கே போட்டார்கள். குழாயில் பாதிக் காற்று வந்தபோது யாரும் சண்டை போடவில்லை. இசக்கியப்பனே குடும்பத்தோடு கவசம் மாட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார். அங்கே கற்பூரம் எரியாது, மணி அடித்தால் சத்தம் கேட்காது, ஆனாலும் மணியை ஆட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ள முடியாமல் தலைக்கவசக் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டார்கள். காந்திமதி தூரத்தில் நின்று பார்த்துச் சிரித்தாள். கல் பிழைத்துவிட்டது. அது போதும் அவளுக்கு.

இரண்டு வாரப் பகல் முடிந்து இரண்டு வார இரவு தொடங்கும் சமயம், நுண்ணெடைமானி வடமுனைத் துறைமுகத்தில் வந்து இறங்கியதாகச் செய்தி வந்தது. பனிக்கட்டி எடுக்கும் இடம் என்பதால் சரக்குக் கலங்கள் எல்லாம் அங்கேதான் இறங்கும். அவளே போய், இயக்கக் கற்றுக்கொண்டு, எடுத்து வரவேண்டும். கிளம்பும்போது செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லைப் பாத்துக்கிடுங்கக்கா" என்றாள்.

"நீ கவலைப்படாமப் போயிட்டு வா. அவ எங்களுக்கும் அம்மாதான்."

வடமுனையில் கருவி படுத்தியது. அதன் ஊசிமுனை குளிரில் சுருங்கியது, சூட்டில் விரிந்தது. அதைச் சரிக்கட்டுவதற்குள் அவள் பாதி ஆளாகிவிட்டாள். இடையில் செண்பகவல்லி பேசினாள். குரலில் ஒரே குதூகலம்.

"மதி, இங்க ஒரு நல்ல காரியம் நடக்கு. இப்ப சொல்ல மாட்டேன். வந்து பாரு, அசந்துருவ."

வேலி போடுகிறார்கள் என்று காந்திமதி நினைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட்டாள்.

தாவுவண்டி அவளைக் கரையூரில் இறக்கியபோது புதுப் பகல் பிறந்திருந்தது. தெற்கு வானத்தில், என்றைக்கும் இருக்கும் அதே இடத்தில், பூமி நீலமாகத் தொங்கியது. கருவிப் பெட்டியோடு அவள் நேராக மேட்டுக்குப் போவதாகச் சொன்னதும், செண்பகவல்லி தூசிக்கூடத்துக்கே ஓடி வந்து அவளுடைய பழைய குடத்தைக் கழற்றிப் புதுக் குடம் மாட்டிவிட்டாள். "நானும் வாரேன்" என்று கூடவே கிளம்பினாள்.

மேட்டின் வளைவு திரும்பியதும் கண் கூசியது.

பாறையைச் சுற்றித் தரை முழுக்க டைல்ஸ். நிலாத்தூளைச் சுட்டு வார்த்த பளபளப்பான டைல்ஸ், தாமரைப்பூ டிசைன் போட்டது. நாலு பக்கமும் தூண், தூணுக்குத் தூண் விளக்கு. விளக்கின் வெளிச்சத்தில் பாதியை உபயம் என்ற எழுத்தும் உபயதாரர் பெயரும் மறைத்துக்கொண்டிருந்தன. நடுவில் கல். ஒரு பொட்டுக் கறை இல்லாமல், அப்போதுதான் கறந்த பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

காந்திமதி கிட்டே போனாள். கையுறைக் கையால் அதன் முகத்தைத் தடவினாள். வழவழவென்றிருந்தது.

"பச்சையா இருந்துச்சுல்லா..." என்றாள்.

"அத ஏன் கேக்க!" காதுக்கருவியில் செண்பகவல்லியின் குரல் பெருமையில் பொங்கியது. "எத்தன காலத்துப் பாசியோ! சொரண்டுனா போவேனாங்குது. ராத்திரிக் காலம், குவாரியும் சும்மாதான கெடந்துச்சு. எந்திரத்துப் பல்லுல ஒட்டுன கல்ல அடிச்சு எடுப்பாவல்லா, அந்த மணல்வீச்சுப் பொறிய அண்ணாச்சியே தூக்கிட்டு வந்தாரு. எல்லாருமா மாத்தி மாத்திப் பிடிச்சோம். நா மட்டும் எம்புட்டு நேரம் நின்னேன் தெரியுமா? கையெல்லாம் விட்டுப்போச்சு. எங்க ஊர்க் கோயில் படித்தொறைல இப்படித்தான் பச்சப் பசேல்னு பிடிச்சுக் கெடக்கும். சின்னப் பிள்ளைல அதத் தேய்ச்சு வளந்தவதான நானு."

காற்றில்லாத, நீரில்லாத, ஒரு புல் முளைத்த சரித்திரம் இல்லாத நிலாவில் பாசி. காந்திமதி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. செண்பகவல்லிக்கும் தெரியும், இங்கே எதுவும் முளைக்காது என்று. கேட்டால் அவளே சொல்லியிருப்பாள். ஆனால் கல்லில் பச்சையைக் கண்ட கைகள் யாரிடமும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் எதைத் தேய்த்தனவோ அதை இங்கும் தேய்த்துவிட்டன.

"அந்தத் தூளு?" என்று கேட்டாள் காந்திமதி. "சொரண்டுன பச்சைத் தூளு எங்கக்கா?"

"அத வீணாக்குவமா? அவள வெட்டுனாத்தான் பாவம், அவ மேலேருந்து உதுந்தது பிரசாதம்லா. ஒரு பொடிகூடச் சிந்தாம வாரிட்டோம். சின்ன உலைல தனியாக் காய்ச்சி, வந்த மூச்சக் குடத்துல பிடிச்சு, வீட்டுக்குக் கொஞ்சம்னு பிரசாதமாக் குடுத்தோம். பிள்ளத்தாய்ச்சிப் பொண்ணுகளுக்கு முதல்ல. ஒனக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன்." அவள் காந்திமதியின் முதுகைச் செல்லமாகத் தட்டினாள். "இப்ப நீ இழுக்கதே அம்மா மூச்சுதான்."

காந்திமதி மூச்சை அடக்கினாள். யோசித்துச் செய்யவில்லை, தானாக அடங்கிவிட்டது. நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் கல்லுக்குள் பத்திரமாக இருந்தவள், எத்தனை விண்கல் அடித்தும் கலையாதவள், இப்போது அவள் நெஞ்சுக்குள் இருந்தாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? காது அடைத்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கடைசியில் விட்டுவிட்டாள். விட்டதும் அடுத்த மூச்சை இழுக்கத்தான் வேண்டியிருந்தது. குடத்தில் மிச்சமிருப்பதை அளந்து காட்டினால்? குழாயடியில் பிடித்த காற்றை எந்தப் பல்கலைக்கழகம் சாட்சியாக எடுத்துக்கொள்ளும்?

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இவர்கள் அந்தக் கல்லை அலட்சியம் செய்திருந்தால் கோபித்துக்கொள்ளலாம். இவர்கள் அதற்காகப் பாதி மூச்சில் இருந்தவர்கள். கைவலிக்க நின்றவர்கள். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லாமல், எது எடுபடுமோ அதைச் சொன்னவள் அவள். 'விளக்கிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். சண்டை போட்டாவது கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை.'

செண்பகவல்லி அவள் தோளைத் தொட்டாள். "என்னட்டி, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குக்கா" என்றாள்.

சும்மா நிற்க முடியாமல் பாறையைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம், அடியில், டைல்ஸுக்கு ஒரு முழம் மேலே, பாறை உள்வாங்கி ஒரு மடிப்பு இருந்தது. பொறியின் வாய் அதற்குள் நுழைந்திருக்காது. காந்திமதி முழங்காலிட்டு விளக்கைப் பிடித்தாள்.

பச்சை இருந்தது. ஒரு உள்ளங்கை அகலம்தான். ஆனால் அதன் ஓரத்தில் வெள்ளையோடு உருகி ஒட்டிய கோடு தெளிவாக, முழுசாக, யார் கையும் படாமல் இருந்தது. அந்த ஒரு கோடு போதும்.

கருவியை உடனே வைக்க முடியாது. பயணத்தில் ஆடிப்போனதை நிலைப்படுத்த வேண்டும், ஊசிமுனையை மறுபடி சமன்செய்ய வேண்டும். ஓரிரு நாளாவது ஆகும். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டே இசக்கியப்பனைத் தேடி ஓடினாள். இந்தத் தடவை எதையும் விடவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பாசி இல்லை என்று சொன்னாள். அந்தப் பச்சைதான் தேயா, வெள்ளை வெறும் கல் என்று சொன்னாள். மிச்சமிருக்கும் உள்ளங்கை அகலம் போனால் இந்த உலகத்திலும் அந்த உலகத்திலும் வேறு கிடையாது என்று சொன்னாள்.

இசக்கியப்பனுக்கு முகம் கறுத்துச் சுருங்கிப்போயிற்று.

"நாந்தான மேடம் அந்தப் பொறியத் தூக்கிட்டுப் போனேன்" என்றார். "அறியாமப் பண்ணிட்டோம். எங்க கையாலயே..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மிச்சம் இருக்கத ஒரு பய தொட மாட்டான். அதுக்கு நா பொறுப்பு. நீங்க எடத்த மட்டும் எனக்குச் சரியாச் சொல்லுங்க."

அவள் இடத்தைச் சரியாகச் சொன்னாள். வரைந்தே காட்டினாள். முதல் தடவையாக யாரோ தன்னை முழுசாகப் புரிந்துகொண்டார்கள் என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினாள்.

கருவி தயாரானதும் அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அவளுக்கு முன்பே இசக்கியப்பன் அங்கே வந்திருந்தார். அவருடன் குழுவினர் நாலைந்து பேரும், செண்பகவல்லியும். எல்லோரும் பாறைக்குப் பின்பக்கம் கூடி நின்றார்கள். அவளைக் கண்டதும் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள்.

உலோகப் பலகை ஒன்று பளபளத்தது. சிவப்பு எழுத்து.

*தொன்மைச் சின்னம். தொடாதீர்கள். சேதப்படுத்துவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இவண், ஊர் நலக் குழு.*

பலகை நன்றாக உள்ளே பதிந்திருந்தது. பாறையின் மடிப்பு இருந்த இடத்தை, அந்தக் கோட்டோடு சேர்த்து, செதுக்கி மட்டமாக்கியிருந்தார்கள். நான்கு மூலையிலும் கட்டைவிரல் தடிமனில் போல்ட்டு. இடுக்கெல்லாம் கலவை போட்டுப் பூசியிருந்தது.

"நீங்க வரைஞ்சு குடுத்தீயள்லா, அதே எடம்" என்றார் இசக்கியப்பன். இரண்டு நாள் தூங்காத குரல். "பக்கத்துல வச்சா எவனாவது பச்சை மேல கைய வச்சிருவான்னு, சரியா அதும் மேலயே அடிச்சிட்டோம். சாண் ஆழத்துக்குத் தொளை போட்டு எறக்கிருக்கு. இனிமே யார் நெனச்சாலும் தொட முடியாது."

காந்திமதி கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கலைந்து, கூடி, வரிசையாக நின்றார்கள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். "நீதான நடுவுல நிக்கணும்" என்றாள்.

இசக்கியப்பன் படமெடுக்கும் கருவியை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். கையை ஆட்டினார்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போர்டு மறைக்கு."

காந்திமதி தள்ளி நின்றாள்.